குறிப்பேட்டிலிருந்து திரைச்சீலைக்கு: சென்னை ஓவியக் கல்வியில் அரூபமும் பள்ளி மாணவரும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னையில் அரூப ஓவியம் 1960களில் கல்லூரி நிலையில் வேரூன்றியது. எனினும் பள்ளியின் ஓவிய வகுப்பில் அது இடம்பெறவில்லை. இதற்குக் காரணம் மாணவரின் இயலாமை அன்று. பாடமுறையும் தேர்வுமுறையுமே என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்குகிறது. காட்டுப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து இச்சிக்கலின் இன்றைய பொருத்தத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அரூப ஓவியம், ஓவியக் கல்வி, கே.சி.எஸ். பணிக்கர், சென்னைக் கலைப்பள்ளி, காட்டுப்பள்ளி

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் இரண்டு மலைகள், அவற்றின் நடுவே எழும் சூரியன், வளைந்துவரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை என்னும் படமே பெரும்பாலும் உருவாகிறது. காட்டுப்பள்ளியில் மலை இல்லை. கிழக்கே வங்கக் கடலும், மேற்கே பக்கிங்காம் கால்வாயும், தெற்கே கொசத்தலையாற்றின் எண்ணூர்க் கழிமுகமும், வடக்கே பழவேற்காட்டு ஏரியும் சூழ்ந்த நிலம் அது. இவ்வட்டாரத்தில் 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. நிலக்கரிக் குவியலும் சாம்பல் படிந்த நீரும் கொள்கலன் அடுக்குகளும் அன்றாடக் காட்சிகளாகிவிட்ட இடத்தில், மலையும் குடிசையும் வரையப் பழகும் மாணவர் தாம் காண்பதை விலக்கவே பழகுகிறார். இம்மரபு எங்கிருந்து வந்தது, இதற்கு மாற்றாக அமையத்தக்க அரூப ஓவியம் ஏன் பள்ளியை எட்டவில்லை என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

படியெடுக்கும் கை

1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தனிமுயற்சியாகத் தொடங்கிய கலைப்பள்ளி சில ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்கு வந்தது. கைத்தொழில் வளர்ச்சியே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. இலண்டனின் சவுத் கென்சிங்டன் பாடமுறையைத் தழுவிய காலனியக் கலைக்கல்வியில் நேர்கோடு, வளைகோடு, வடிவியல் உருவம், மாதிரிப் பொருள் எனப் பயிற்சி படிப்படியாக அமைந்தது. கோட்டின் பிழையின்மையும் மாதிரியோடு உள்ள ஒப்புமையுமே தேர்ச்சியின் அளவுகோல்களாயின. அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் ஓவியப் பிரிவுகளிலும் இந்த அணுகுமுறையின் சாயலைக் காணலாம். அத்தேர்வின்வழிச் சான்றிதழ் பெற்றவர்கள் ஓவிய ஆசிரியர்களாயினர். தாம் கற்ற முறையிலேயே கற்பித்தனர்.

இதில் ஒரு முரண் உள்ளது. கோடு, கட்டம், வட்டம் ஆகியவை அரூப ஓவியத்துக்கும் அடிப்படைக் கூறுகளே. அவற்றைப் பள்ளி முதலில் கற்பித்தது. ஆனால் ஒரு பொருளைச் சுட்டும் கருவிகளாக மட்டுமே கற்பித்தது.

பணிக்கரின் திருப்பம்

தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் 1957 முதல் 1967 வரை கலைப்பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977). 1963 அளவில் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை சென்னை அரூபத்தின் முதன்மை ஆவணமாகும். மாணவர் ஒருவரின் குறிப்பேட்டுப் பக்கத்தில் எண்களும் வரைவுகளும் நிரம்பியிருந்த அமைப்பே இதற்குத் தூண்டுதலாயிற்று என்பது அவரே கூறிய செய்தி. அவ்வோவியங்களில் எண்கள் கூட்டலாவதில்லை, எழுத்துகள் சொல்லாவதில்லை, சாதகக் கட்டங்கள் பலன் உரைப்பதில்லை. பயன் நீங்கிய நிலையில் அவை கோடும் இடைவெளியும் தாளமுமாக நிற்கின்றன.

ஆக, மாணவரின் குறிப்பேட்டிலிருந்து திரைச்சீலைக்கு ஒரு வழி திறந்தது. அத்திரைச்சீலையிலிருந்து குறிப்பேட்டுக்குத் திரும்பும் வழி திறக்கப்படவில்லை. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றோர் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினர். நவீன ஓவியரின் கண் நெசவுக்குச் சென்றது. சிற்றிதழ்களின் அட்டைக்கும் சென்றது. ஆறாம் வகுப்பின் ஓவிய ஏட்டுக்கு மட்டும் செல்லவில்லை.

இலங்கை: ஓர் ஒப்பீடு

இந்த இடைவெளி தவிர்க்க முடியாததன்று என்பதற்கு இலங்கை சான்றாகிறது. 1920களில் அங்குக் கல்வித் துறையின் ஓவிய ஆய்வாளராகப் பணியாற்றிய சி.எஃப். வின்சர் தாமே ஓர் ஓவியர். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற டபிள்யூ.ஜே.ஜி. பீலிங் 1943இல் தோன்றிய ‘43 குழு’வின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஓவிய ஆசிரியர் எஸ்.ஆர். கனகசபை 1938இல் வின்சர் பெயரால் ஓவியக் கழகம் ஒன்றை நிறுவினார். பிற்காலத்தில் நவீன ஓவியரான அ. மாற்கு (1933-2000) ஆசிரியராக இருந்து ஒரு மாணவர் தலைமுறையை உருவாக்கினார். பள்ளியைப் பார்வையிடும் அதிகாரமும் நவீன ஓவிய இயக்கமும் ஒரே கைகளில் சந்தித்தமையே அங்கு நிகழ்ந்தது. சென்னையில் அத்தகைய இணைப்பு வலுப்பெறவில்லை.

தடைகளும் வாய்ப்பும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு மாணவர்க்கு மேற்பட்ட ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பள்ளிகளில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநரை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். அப்போது அவர்களது பணி வாரத்தில் மூன்று அரைநாள்களுக்கு உரியதாக இருந்தது. இந்நிலையில் விரைவாகக் கற்பிக்கவும் எளிதாக மதிப்பிடவும் உதவும் படியெடுப்பே நிலைபெறுவது வியப்பன்று. அரூபத்தை மதிப்பிட ஆசிரியர் மாணவரோடு உரையாட வேண்டும்; உரையாட நேரம் வேண்டும்.

அரூபம் மேட்டுக்குடியினரின் கலை, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அந்நியம் என்னும் மறுப்பும் எழலாம். பழவேற்காட்டின் பெயரால் உலகச் சந்தையில் அறியப்பட்ட கட்டம்போட்ட துணி, இன்றும் ‘பாலயக்காட்’ கைலியாக வழங்குகிறது. அது எந்தப் பொருளையும் சுட்டாத கோட்டு அமைப்பு. வாசலின் புள்ளிக்கோலம், வலைக்கண்ணின் வரிசை, கொள்கலன்களின் அடுக்கு ஆகியனவும் இவ்வட்டார மாணவருக்கு அறிமுகமான கட்டங்களே. அவர்கள் அரூபத்தின் நடுவே வாழ்கின்றனர். அதனைக் காணும் பயிற்சியே தேவை.

ஆயினும் குழந்தையின் கிறுக்கலும் அரூப ஓவியமும் ஒன்றல்ல. 1912இல் காண்டின்ஸ்கியும் ஃபிரான்ஸ் மார்க்கும் தொகுத்த ‘நீலக் குதிரைவீரன்’ மலரில் சிறார் ஓவியங்கள் இடம்பெற்றன. அவற்றில் தன்னியல்பாக நிகழ்ந்ததை ஓவியர்கள் தெரிந்தே தேர்ந்தனர். எதை விடுவது, எதை வைப்பது என்னும் அத்தேர்வே கற்பிக்கத்தக்கது. சாம்பல் நீரின் நிறத்தைக் கலந்துபார்க்கும் மாணவர், அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்றும் கேட்கத் தொடங்கலாம்.

முடிவுரை

சென்னையின் அரூப ஓவிய வரலாறு ஒரு மாணவரின் குறிப்பேட்டுக்குக் கடன்பட்டுள்ளது. அக்கடன் பள்ளிக்குத் திருப்பிச் செலுத்தப்படவில்லை. புதிய பாடநூலைக் காட்டிலும் ஆசிரியரின் பணிநிலை, மதிப்பீட்டு முறை, கல்லூரிக்கும் பள்ளிக்குமான தொடர்பு ஆகியவற்றில் ஏற்படும் மாற்றமே இதற்கு அடிப்படையாகும். அதுவரை காட்டுப்பள்ளியின் ஓவிய ஏடுகளில், அங்கு இல்லாத மலைகளே தொடர்ந்து எழும்.