பள்ளிப் பந்தியும் திருச்சபையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சபைகளின் வரலாற்றைப் பஞ்சத்தின் வரலாற்றிலிருந்து பிரித்தெழுத இயலாது. 1853-இல் நிறுவப்பட்ட அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனுக்குத் திண்டிவனம் ஒரு நிலையமாயிருந்தது. 1876-78-இல் நேரிட்ட தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனெரிமார் பசித்தோரைப் போஷித்தனர். அதன்பின் ஆர்க்காட்டுப் பகுதிகளில் எளியோர் பலர் சபையில் சேர்ந்தனர். ‘சோற்றுக்காக மாறினவர்கள்’ என்னும் பழிச்சொல்லும் அவர்களைத் தொடர்ந்தது. தர்மமாக இடப்படும் உணவு பசியைத் தீர்க்கும். உண்பவனின் தலையையோ தாழ்த்திவிடும்.

இந்தத் தாழ்வை நீக்கிய வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. 1925-இல் அச்செலவுக்கு அரசு தடைவிதிக்கவே, திட்டம் நின்றுபோயிற்று. 1956-இல் முதலமைச்சர் காமராசரும் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவும், ஊராரின் நன்கொடையைத் துணைக்கொண்டு மதிய உணவைத் தொடங்கினர். 1982 ஜூலை 1-இல் எம். ஜி. இராமச்சந்திரனின் சத்துணவுத் திட்டம் அதை அரசின் நிலையான கடமையாக்கியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு வழங்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. தர்மம் உரிமையாயிற்று.

2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஊர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அது 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தவற்றுக்கு 2025 ஆகஸ்டிலும் எட்டியது. விடியுமுன் நடவுக்கும் களைபறிப்புக்கும் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள் நம் சபைப் பள்ளிகளிலும் பயிலுகின்றனர் என்பதை எண்ணினால், இத்தாமதத்தின் பொருள் விளங்கும்.

ஆயினும் உணவு வந்ததனால் மட்டும் பந்தி வந்துவிடாது. கொரிந்து சபையில் உணவுக்குக் குறைவிருந்ததில்லை. ஒருவன் பசியாயிருக்க மற்றவன் முந்தி உண்டதையே பவுல் கண்டித்தார். தலித் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது எனத் தடுத்த பெற்றோர் தமிழ்நாட்டில் உண்டு. சமையற்பணியில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரும்படி உச்ச நீதிமன்றம் 2004-இல் கூறவேண்டியதாயிற்று.

அரிசியையும் பருப்பையும் அரசு தரும். பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்துவதும், சமைத்தவளின் கையை மதிக்கக் கற்பிப்பதும் பள்ளித் தாளாளராயிருக்கும் ஆயர்மாரின் பொறுப்பு. கர்த்தருடைய பந்தியை நடத்துகிற நாம், பள்ளித் தாழ்வாரத்தின் பந்தியைக் காணாதிருக்கலாகாது.