ஒரு கமாவும் ஒரு தூக்குக்கயிறும்

போன வாரம் நான் அனுப்பின ஒப்பந்த வரைவு மூணாவது தடவையா திரும்பி வந்தது. காரணம், ஒரே ஒரு கமா. "கம்பைலருக்குத்தான் புத்தி இல்ல, படிக்கிற மனுஷனுக்குமா?" என்று புலம்பினேன். அப்புறம் ரோஜர் கேஸ்மென்ட் ஞாபகத்துக்கு வந்தார்.

ஐரிஷ்காரர். முதல் உலகப் போரில் ஜெர்மனி போய், அங்கே கைதிகளாக இருந்த ஐரிஷ் சிப்பாய்களை பிரிட்டனுக்கு எதிராகத் திரட்டப் பார்த்தார். 1916 ஏப்ரலில் அயர்லாந்தின் கெர்ரி கடற்கரையில் பிடிபட்டார். லண்டனில் ராஜத்துரோக வழக்கு.

சட்டம் 1351ஆம் வருஷத்தது, நார்மன் பிரெஞ்சு. அரசரின் நாட்டுக்குள் அவருடைய எதிரிகளோடு சேர்வது, அவர்களுக்கு நாட்டுக்குள் உதவுவது, "அல்லது வேறெங்காவது" என்று போகிறது வாசகம். இந்த "வேறெங்காவது" எதோடு ஒட்டும்? உதவியோடு மட்டும்தான், சேர்ந்த ஆள் நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று வாதாடினார் கேஸ்மென்ட்டின் வக்கீல் சல்லிவன். ஜெர்மனியில் செய்தது அப்போது இந்தச் சட்டத்தில் சிக்காது. இரண்டோடும் ஒட்டும் என்றால் தூக்கு.

அப்பீலை விசாரித்த டார்லிங், ஆட்கின் என்ற இரு நீதிபதிகள் ஆவணக் காப்பகத்துக்கே போய் மூலச் சுருளைப் படித்தார்கள். இரண்டோடும் ஒட்டும் என்றே தீர்ப்பு. ஆகஸ்ட் 3இல் தூக்கு.

எழுதி 565 வருஷம் கழிச்சு வெளியே வந்த பக்!

திரும்பி வந்த வரைவில் நான் கமா போடவில்லை. அந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். ஒரு புள்ளியை நம்பி நிற்கிற வாக்கியத்தை உடைச்சிடறதுதான் நல்லது. இந்தத் தடவை திரும்பி வரலை.