நீரும் நிலமும் நீதியும்

சுற்றுச்சூழல் என்றவுடன் காடும் கானுயிரும் நம் நினைவுக்கு வருகின்றன. நீரையும் நிலத்தையும் துய்ப்பவர் யார், அவற்றின் கேட்டைச் சுமப்பவர் யார் என்பதே சமூக நீதியின் வினா. இரு நாடுகளின் வரலாறு கொண்டு இதனைக் காண்போம்.

பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறந்துவிட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. மகாட் நகராட்சியும் அதனை ஏற்றது. ஆயினும் அங்குள்ள சவுதார் குளத்தில் கால்நடைகள் பருகிய நீரை நம் மக்கள் தொட இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் பெருந்திரளான மக்களுடன் சென்று அந்நீரைப் பருகினார். வந்தோர் தாக்கப்பட்டனர், குளத்திற்குத் தீட்டுக் கழித்தனர். வழக்கு நீண்டு, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் உரிமை வென்றது.

அமெரிக்காவின் வட கரோலைனாவில், நச்சு எண்ணெய் கலந்த மண்ணைப் புதைக்கக் கறுப்பின மக்கள் மிகுந்த வாரன் மாவட்டத்தையே அரசு தெரிந்தெடுத்தது. 1982இல் மக்கள் லாரிகளை மறித்தனர். 500க்கு மேற்பட்டோர் கைதாயினர். புதைப்பு நிற்கவில்லை, ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்னும் இயக்கம் அங்கே வேரூன்றியது.

மகாடில் மறுக்கப்பட்டது நன்மை. வாரனில் திணிக்கப்பட்டது தீமை. இரண்டிற்கும் அளவுகோல் பிறப்பே. இளைஞர்களே! நம் ஊரின் குடிநீர்க் குழாய் எத்தெருவில் முடிகிறது, குப்பைமேடு எத்தெருவில் தொடங்குகிறது என்று பாருங்கள். தீர்மானம் ஏட்டில் இருந்தால் போதாது. கேட்டுப் பெறுவோர்க்கே அது உரிமையாகும். கேட்பதற்குக் கல்வி வேண்டும்.