பாயாசி சுத்தம்

பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான தீக நிகாயத்தின் 23ஆம் உரை. கோசல நாட்டில் சேதவ்யா என்னும் ஊரை ஆண்ட பாயாசிக்கும் குமார கஸ்ஸபர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் வாதமே இதன் பொருள். மறுவுலகம் இல்லை, வினைக்குப் பயனும் இல்லை என்பது பாயாசியின் கட்சி.

அதற்கு அவன் எந்த நூலையும் சான்று காட்டுவதில்லை. சோதித்துப் பார்த்தேன் என்கிறான். சாகக் கிடந்த உறவினரிடம், எங்கே பிறந்தாலும் வந்து சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான், யாரும் வரவில்லை. திருடன் ஒருவனை உயிரோடு பானைக்குள் இறக்கி, வாயை ஈரத்தோலால் மூடி, களிமண் பூசி அடுப்பில் ஏற்றினான். செத்தபின் மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகிறதா என்று உற்றுப் பார்த்தான். இன்னொருவனை உயிரோடு ஒரு முறையும், கழுத்தை நெரித்துக் கொன்றபின் ஒரு முறையும் எடைபோட்டான். இந்தக் கொடுமை பற்றிக் கஸ்ஸபர் ஒன்றும் சொல்லாதது இன்றைய வாசகரை உறுத்தும்.

கஸ்ஸபரின் விடைகள் பெரும்பாலும் உவமைகள். மலக்குழியிலிருந்து மீட்கப்பட்டுக் குளித்துச் சந்தனம் பூசிக்கொண்டவன் மறுபடி குழியில் இறங்குவானா? தேவருலகம் போனவர் திரும்பாததும் அப்படித்தான். தீக்கடைகோலைச் சிராய் சிராயாகப் பிளந்து, உரலில் இடித்து, புடைத்தும் நெருப்பைக் காணாத சிறுவனின் கதையே இவற்றில் வலுவானது. அது சோதனையின் முடிவை விட்டுவிட்டு முறையையே கேள்விக்குள்ளாக்குகிறது.

இதே வாதம், பயேசி என்னும் அரசனுக்கும் பார்சுவநாதர் வழிவந்த கேசி முனிவருக்கும் நடந்ததாகச் சமண நூலான இராயபசேணியத்திலும் வருகிறது. பாலி நூலில் பிணம் கனக்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்புதான் லேசாகவும் மென்மையாகவும் இருக்கும் என்கிறார் கஸ்ஸபர். சமண நூலில் எடை மாறவே இல்லை. கேசி காற்றடைத்த தோற்பையைக் காட்டுகிறார். ஒரே சோதனைக்கு இரண்டு முடிவுகள் என்பதால், இரண்டையும் வாதத்துக்கென்று புனைந்த கதைகளாகக் கொள்வதே பொருத்தம். நிலையான உயிரை ஏற்கும் சமணத்துக்குத்தான் கதை இயல்பாகப் பொருந்துகிறது. ஆன்மாவை மறுக்கும் பௌத்தரின் வாயில் அது சற்றே இடறுகிறது.

பிற்காலத்தில் இதேபோல உயிரின் எடையைச் சோதிக்க முயன்ற அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் சாகும் நோயாளிகள் 6 பேரைக் கட்டிலோடு எடைபோட்டு, 1907இல் முடிவை வெளியிட்டார். முதல் நோயாளியிடம் அவர் கண்ட எடைக் குறைவுதான் '21 கிராம் ஆன்மா' என்று பரவியது. மற்றவர்களிடம் அளவுகள் ஒத்துவராததால் அறிவியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

பாயாசி எளிதில் பணியவில்லை. இந்தக் கொள்கையைக் கைவிட்டால் பசேனதி முதலான மன்னர்கள் தன்னை மூடன் என்பார்கள் என்று அவனே சொல்லும் இடம் நூலிலேயே மிக மனிதத்தன்மையுள்ள பகுதி. கடைசியில் பணிந்து தானம் செய்கிறான்; அதுவும் நொய்க்கஞ்சியும் முரட்டுத் துணியும்தான். மனமில்லாமல் கொடுத்ததால் இறந்தபின் சேரீசகம் என்னும் ஆளில்லாத தேவமாளிகையில் பிறக்கிறான்.

பாயாசியைப் போல மறுவுலகை மறுத்த உலகாயதரின் சொந்த நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அவர்கள் தரப்பை எதிராளிகளின் வாய்வழியாகவே அறிய வேண்டியிருக்கிறது. தமிழிலும் இதே நிலைதான். சமணக் காப்பியமான நீலகேசியில், பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி தோற்பதற்கென்றே வருகிறான். மணிமேகலையின் 27ஆம் காதையில், பூதங்கள் கூடும்போது உணர்வு பிறப்பதை, பூவும் வெல்லமும் சேரக் கள்ளில் வெறி பிறப்பதற்கு ஒப்பிடுகிறான் பூதவாதி. காட்சி ஒன்றே அளவை என்னும் அவனிடம், கருதலளவை (அனுமானம்) இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை கேட்கிறாள்.