ஐம்பது நாள் படிப்பு

தேர்வுமுறையை எத்தனையோ விதமாகக் குறை கூறுகிறோம். தேர்வே இல்லாத பல்கலைக்கழகம் எப்படியிருக்கும் என்பதைச் சீனம் ஏற்கெனவே நடத்திப் பார்த்திருக்கிறது.

1966இல் கலாச்சாரப் புரட்சி தொடங்கியதும் அங்கே பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு நின்றது. 1970 முதல் கல்லூரிகள் மெல்லத் திறந்தபோது தொழிலாளி, விவசாயி, படைவீரர் என்ற தகுதியும் மேலிடப் பரிந்துரையுமே நுழைவுச்சீட்டாயின. 1973இல் ஒரு தேர்வை இடையே புகுத்தினார்கள். லியாவ்னிங் மாகாணத்து ஜாங் தியேஷெங் இயற்பியல்-வேதியியல் தாளை ஏறக்குறைய வெறுமையாக விட்டு, பின்பக்கத்தில் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயலில் உழைத்ததால் படிக்க நேரமில்லை என்பது அதன் சாரம். பத்திரிகைகள் அவரை வீரராக்கின. கல்லூரியிலும் இடம் கிடைத்தது.

பள்ளிகளின் நிலையும் வேறல்ல. பல இடங்களில் இயற்பியல், வேதியியல் என்ற பெயர்களே மறைந்தன. டிராக்டர், டீசல் எஞ்சின், மின்மோட்டார், நீரிறைக்கும் பம்பு ஆகிய நான்கில் இயற்பியல் அடங்கிற்று.

1977 ஆகஸ்டில் டெங் சியாவ்பிங் கூட்டிய கல்வியாளர் கூட்டத்தில், வூஹான் பல்கலைக்கழகத்து வேதியியலாளர் சா சுவான்சிங் நுழைவுத்தேர்வை உடனே மீட்க வேண்டினார். டெங் ஏற்றார். அக்டோபர் 21இல் நாளிதழ்களில் அறிவிப்பு வந்தது. பெரும்பாலான மாகாணங்களில் தேர்வு டிசம்பரில். அரசியல், சீனமொழி, கணிதம் எல்லோருக்கும் பொது. அறிவியல் பிரிவினருக்கு இயற்பியலும் வேதியியலும், கலைப்பிரிவினருக்கு வரலாறும் புவியியலும் கூடுதல்.

படிக்கப் புத்தகம்? 1960களில் ஷாங்காயில் வெளிவந்து பிறகு முடங்கிய 17 தொகுதிச் சுயகல்வி நூல்வரிசை ஒன்று இருந்தது. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் அதில் உண்டு. அது மறுஅச்சானபோது கடைகளில் நீண்ட வரிசை நின்றது. கிடைக்காதவர்கள் இரவல் வாங்கிக் கையால் படியெடுத்தார்கள். வினாத்தாள் அச்சிடவும் காகிதம் போதவில்லை. மாவோ தேர்ந்தெடுத்த படைப்புகளின் ஐந்தாம் தொகுதிக்கென ஒதுக்கியிருந்த காகிதம் இதற்குத் திருப்பிவிடப்பட்டது.

சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது ஏறத்தாழ 2 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு. நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. நாவலாசிரியர் யூ ஹுவா தேர்வில் தேறாமல் பல் மருத்துவப் பணிக்குப் போனவர்களில் ஒருவர்.

இந்த எண்களை நாம் திறமையின் கணக்காக மட்டும் வாசிக்க இயலாது. பத்தாண்டுகள் கற்பிக்காத பாடத்தை ஐம்பது நாளில் கேட்ட தேர்வு அது. வீட்டில் ஒரு பழைய பாடநூலைக் காப்பாற்றி வைத்திருந்தவனும், புத்தகத்தையே காணாத கிராமத்து இளைஞனும் ஒரே வினாவுக்கு விடையெழுதினார்கள். ஆயினும் பரிந்துரைக்கு ஆளில்லாத அந்த இளைஞனுக்கு அதற்கு முன் அந்த வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. தேர்வு நியாயமாக இருக்க, தேர்வுக்கு வெகுமுன்பே வகுப்பறை நியாயமாக இருந்திருக்கவேண்டும். வகுப்பெடுக்கும் நமக்கு அந்தக் குளிர்காலம் விட்டுச்சென்ற செய்தி இதுதான்.