மீன் பிடிப்பவர் எல்லாம் மீனவர் இல்லை: பழவேற்காட்டில் தலை எண்ணிய வரலாறு



பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் வேண்டுமே. ஆணும் பெண்ணும் இறங்குவார்கள். பெரும்பாலும் இருளர், நம் சேரிக்காரர்களும் உண்டு. இவர்கள் மீனவர்தானா? ஏரிக்கரை ஊர்ப் பஞ்சாயத்து இதற்கு ஒரு பதில் சொல்லும், சாதிச் சான்றிதழ் இன்னொரு பதில் சொல்லும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிலே சொல்லாது. நினைவுநாள் சொற்பொழிவில் எண்களைப் பற்றியா பேசுவது என்று நினைக்கவேண்டாம். எந்தத் தலைப்பின் கீழ் எண்ணப்பட்டோம் என்பதுதான் நம் வரலாற்றில் பாதி.

பழவேற்காட்டில் மனிதரை எண்ணியது பிரிட்டிஷாரோடு தொடங்கவில்லை. டச்சுக் கம்பெனி 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1620களின் தொடக்கத்தில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற சோழமண்டலத் துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சக் காலங்களில் இந்த வியாபாரம் பெருகியது. துணி மூட்டைக்குக் கணக்கு எழுதிய அதே கம்பெனி மனிதருக்கும் கணக்கு எழுதியது. இதைச் சொல்லிவிட்டு நகர்கிறோம். நம் பேச்சு அதற்குப் பின்னால் வந்த கணக்கைப் பற்றியது.

1871இல் சென்னை மாகாணம் முழுவதும் தலை எண்ணப்பட்டது. கார்னிஷ் என்ற மருத்துவ அதிகாரி அதன் அறிக்கையை எழுதினார். எண்ணற்ற சாதிகளை அவர் பதினேழு கட்டங்களுக்குள் அடைத்தார். அதில் ஒரு கட்டம் செம்படவர். பக்கத்திலேயே ‘மீன்பிடிப்போர்’ என்ற விளக்கம். இன்னொரு கட்டம் பறையர். ஒரு பறையர் ஏரியில் வலை வீசினால் எந்தக் கட்டத்தில் வருவார்? பறையர் கட்டத்தில்தான். வலை எங்கும் வராது. தொழிலைச் சாதிக்கு எழுதிவைத்துவிட்டால், அந்தச் சாதிக்கு வெளியே அந்தத் தொழிலைச் செய்பவர் காகிதத்தில் இல்லாமல் போகிறார். கார்னிஷுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நாங்கள் சொல்லவில்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த கோட்டை அவர் மையால் வரைந்தார், அவ்வளவுதான்.

ஊருக்கென்று ஒரு கணக்கு இருந்தது என்பதை ஆய்வாளர்கள் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். கடலோர ஊர்களில் அதன் பெயர் தலைக்கட்டு. மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. வரியும் பங்கும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் பிரியும். பழவேற்காட்டில் இதோடு இணைந்திருப்பது பாடு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் விழும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பிரிக்கும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டணவர் குப்பங்களில் இது நடந்துவந்திருக்கிறது. சூழலியல் அறிஞர்கள் பாடு முறையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள்: மீன்வளத்தைக் காக்கிறது, சண்டையைக் குறைக்கிறது, முதலாளியை உள்ளே விடுவதில்லை. அதில் உண்மை இருக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பாடு பெறும் தகுதி அந்தச் சாதியில், அந்த ஊரில் பிறந்த ஆணுக்குத்தான். தலித்துக்கும் இருளருக்கும் பாடு இல்லை. பட்டணவர் வீட்டுப் பெண்ணுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபோது இந்த வேலியின் மதிப்பும் ஏறியது. மீன்பிடி உரிமை கேட்டுச் சேரிக்காரர்கள் வந்தபோது அவர்கள் கேட்ட முதல் சொல், நீங்கள் மீனவர் இல்லையே என்பது.

அந்தச் சொல்லுக்கு அரசின் முத்திரையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘மீனவர்’ என்பது ஒரு சாதிப் பெயர். பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகியோர் அதற்குள் வருகிறார்கள். கிறித்தவத்துக்கு மாறியவர்களும் உட்பட என்று அந்தப் பதிவிலேயே இருக்கிறது. நல்லது. ஆனால் தலித் ஒருவர் அதே மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்றால் பட்டியல் சாதியிலிருந்து வெளியேறி, பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துவை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை இல்லை. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே தேவாலயம் இருக்கும் பழவேற்காட்டில் இதன் பொருள் என்ன? ஒரே ஞானஸ்நானத் தண்ணீர் ஒருவரை அவர் சாதிக்குள் இருக்கவிடுகிறது, இன்னொருவரை எண்ணிக்கையிலிருந்து கழிக்கிறது.

நம் முன்னோர்கள் கட்டத்தின் அருமையை அறிந்திருந்தார்கள். 1907இல் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் கணக்கெடுப்பில் எப்படிப் பதிவது என்பதைப் பெரும் அரசியல் கேள்வியாக ஆக்கினார். தம் மக்கள் சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் போராடி ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றினார். 1932இல் வாக்குரிமைக்கான லோதியன் குழு வந்தபோது, சில மாகாணங்களின் சாதி இந்துக்கள் தங்கள் பகுதியில் தீண்டப்படாதார் என்று எவருமே இல்லை என்று சாதித்தார்கள். குழு உறுப்பினராயிருந்த அம்பேத்கர் தனிக் குறிப்பு எழுதவேண்டி வந்தது. தீண்டும்போது இருந்தவர்கள், இடம் கொடுக்கவேண்டியபோது இல்லாமல் போன கதை அது.

ஏரியின் நடுவே ஓடும் மாநில எல்லையும் எண்களின் சண்டையில் பிறந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபின், எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். 1951 கணக்கெடுப்பில் எந்த மொழிக்குப் பெரும்பான்மை என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் கிராமங்கள் சில சத்தியவேட்டோடு ஆந்திரத்துக்குப் போயின. தமிழர் எத்தனை, தெலுங்கர் எத்தனை என்ற அந்தக் கூட்டலில் சேரியின் தலைகளும் சேர்ந்தன. தமிழ்ப் பெரும்பான்மைக்கும் தெலுங்குப் பெரும்பான்மைக்கும் நாம் தேவைப்பட்டோம். நிலம் பிரிந்தது, தண்ணீரில் யாருக்கு உரிமை என்ற கேள்வியில் சேரியை எவரும் எண்ணவில்லை. ஏரியின் வடக்கே யானாதிகள், தெற்கே இருளர். யானாதிகள் ஆந்திரத்தின் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டின் பட்டியலில் இல்லை. மீனுக்கு இந்தக் கோடு தெரியாது.

இப்போதைய கணக்கெடுப்புக்கு வருவோம். 1961 முதல் 1991 வரை மீன்பிடித்தல் தனித் தொழில் அல்ல. கால்நடை, காடு, தோட்டம் ஆகியவற்றோடு ஒரே வகை. 2001இலும் 2011இலும் கிராம அட்டவணையில் அதுவும் போயிற்று. விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், ‘மற்றவர்’ என நான்கே பிரிவு. மீனவர் ‘மற்றவர்’. அதோடு அட்டவணை வருவாய்க் கிராமத்துக்குத்தான். குப்பமோ சேரியோ தனியாகத் தெரியாது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தனியாக எண்ணுகிறது. 2010இல் தமிழ்நாட்டில் 573 கடல் மீனவர் கிராமங்கள், சுமார் 8 லட்சம் பேர் என்றது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களையும் அது குறிக்கிறது. ஆனால் ஊர் முதலில் ‘மீனவர் கிராமம்’ என்ற பட்டியலுக்குள் வரவேண்டும்.

2004 டிசம்பரில் இதன் விலையைப் பார்த்தோம். சுனாமி நிவாரணம் மீனவர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. உப்பங்கழியில் இறால் பிடித்தவர்களும், படகில் கூலிக்குப் போனவர்களும், மீன் கூடை சுமந்த தலித் பெண்களும் விடுபட்டதை உண்மை அறியும் குழுக்கள் தமிழகக் கடற்கரை நெடுகிலும் பதிவுசெய்தன. அலை சாதி பார்க்கவில்லை என்று அப்போது மேடைதோறும் சொன்னார்கள். பட்டியல் பார்த்தது.

1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படப்போகின்றன. 2027 மார்ச் 1 அதற்கான குறிப்பு நாள். தொகுதி குறையுமா என்ற கவலையில் தமிழ்நாடே மக்கள்தொகை விகிதம் பேசுகிறது. பேசட்டும். நம் கவலை வேறு. சாதி ஒரு கேள்வியிலும் தொழில் வேறொரு கேள்வியிலும் இருக்கும்; இரண்டையும் குறுக்கே வைத்த அட்டவணை கிராமவாரியாக வெளிவரவில்லை என்றால், ஏரியில் இறங்கும் ஆதி திராவிடரும் இருளரும் மறுபடியும் ‘மற்றவர்’தான். அந்த அட்டவணையை இப்போதே எழுத்தில் கேட்கவேண்டும். மாணவர்களிடம் இன்னொரு வேலையும் கேட்கிறோம். பழவேற்காட்டைச் சுற்றியுள்ள சேரிகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் வீடுவீடாகப் போய், யார் ஏரிக்கு இறங்குகிறார்கள், எந்த வலை, வலை இல்லாமல் கையா, பாடு உண்டா, எந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆணிடம் கேட்டால் அவள் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பார், அவள் பறி இன்னும் ஈரமாக வாசலில் கிடக்கும்.