சட்டாம்பிள்ளையும் பிரம்பும்



"பிரம்பு எடுத்தால்தான் பிள்ளை அடங்கும்" என்கிறோம். ஒரு பழைய கதை கேளுங்கள்.

1789 இல் சென்னை எழும்பூர் அநாதை ஆண்பிள்ளைகள் இல்லத்தைப் பொறுப்பேற்றவர் அன்ட்ரூ பெல். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துவராததால், எட்டு வயது ஜோன் ஃபிரிஸ்கனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். படிப்பு ஏறியது.

குழப்படியையும் பிள்ளைகளிடமே விட்டார். தவறுகள் கறுப்புப் புத்தகத்தில் பதியப்படும். வாரம் ஒருமுறை, பிள்ளைகளின் ஜூரி விசாரிக்கும். மாதக்கணக்கில் தண்டனையே தேவைப்படவில்லை என்று 1797 இல் வெளியான நூலில் எழுதினார்.

நம் மொனிட்டர் பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிறார். தீர்ப்பு நம் கையில். பெல் தீர்ப்பையும் பிள்ளைகளிடம் கொடுத்தார். பிரம்பில்லா வகுப்புக்கு அதுவே வழி.